முதல் திறந்தநிலைப் பாடத்தை முடிப்பது எப்படி? ஸ்வயம், என்பிடெல் பயில வரும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இணையவழிப் பாடம் ஒன்றில் சேர ஐந்து நிமிடம் போதும். அதை முடிக்கப் பன்னிரண்டு வாரம் வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம், மின்சுற்றுகளும் மின்னணுவியலும் பற்றிய பாடம் ஒன்றை 2012இல் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டபோது ஏறக்குறைய 1,55,000 பேர் பதிந்துகொண்டார்கள். சான்றிதழ் பெறும் வரை வந்தவர்கள் 7,157 பேர். அதாவது நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. மீதிப் பேர் எல்லாரையும் தோற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும், தமக்கு வேண்டிய இரண்டு விரிவுரைகளை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். ஆனால் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் தொடங்கி மூன்றாவது வாரத்தில் நின்றுபோனவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும், இனிமேல் சேரப் போகிறவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. நம் மாணவர்களும் பணியில் இருப்பவர்களும் மிகுதியாக நாடும் ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையக் கல்வித் தளத்தையும், அதில் ஐஐடிகள் முதலியவை சேர்ந்து வழங்கும் என்பிடெல் பாடங்களையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்ஐடி தன் பாடக் குறிப்புகளை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்று 2001 ஏப்ரலில் அறிவித்தது. அதற்கு ஏறக்குறைய ஏழு வாரம் முன்பே, அதே ஆண்டு பிப்ரவரி 17 அன்று, உலகெங்கும் உள்ளவர்கள் இணையத்தின் வழியே தமிழ் கற்பதற்காகச் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டிருந்தது; இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். இரண்டின் நோக்கமும் அமைப்பும் வேறு என்றாலும், இணையக் கல்வியை மேற்கிலிருந்து வந்து சேர்ந்த ஒன்றாக மட்டுமே பேசுகிறவர்கள் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. அதற்கான எண்ணம் 1999இல் ஐஐடி மெட்ராஸில் நடந்த ஒரு பயிலரங்கில் உருவானது. முதலில் அது விரிவுரைக் காணொளிகளின் களஞ்சியமாகவே இருந்தது. வாராந்தர ஒப்படைப்பு (அசைன்மென்ட்), நேரடித் தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றுடன் கூடிய பாடங்கள் 2014 மார்ச்சில் வந்தன. மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. பொறியியல், அறிவியல் பாடங்களை அதில் என்பிடெல் வழங்க, கலை, வணிகம், பள்ளிக் கல்வி, ஆசிரியர் பயிற்சி போன்றவற்றை வேறு தேசிய ஒருங்கிணைப்பாளர்கள் கவனிக்கிறார்கள்.

எதற்காகப் படிக்கிறீர்கள்?

தளத்தைத் திறப்பதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்து வரும் ஒவ்வொரு படியும் இதைப் பொறுத்தே மாறுகிறது. ஒரு பொருளைத் தெரிந்துகொள்வது மட்டுமே நோக்கம் என்றால் நீங்கள் பருவத் தேதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. என்பிடெல் தளத்தின் பழைய விரிவுரைகளை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், தரவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் நடப்புப் பருவத்தில் சேர்ந்து, ஒப்படைப்புகளைக் காலத்தில் முடித்து, கட்டணம் செலுத்தித் தேர்வெழுத வேண்டும். கல்லூரியில் கிரெடிட்டாக, அதாவது பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் மதிப்பலகாக, மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் இவை எல்லாவற்றோடு கல்லூரியின் முன் ஒப்புதலும் வேண்டும். மூன்றாம் வகையினர் பாடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே துறைத் தலைவரையோ, கல்லூரியின் ஸ்வயம் பொறுப்பாசிரியரையோ பார்த்துவிடுவது நல்லது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் ஒரு பருவத்தில் வழங்கப்படும் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாக முடிக்க இடம் தந்தன. 2021ஆம் ஆண்டு விதிகள் அதை 40 விழுக்காடாக உயர்த்தின. ஆனால் எந்தப் பாடத்தை எதற்கு ஈடாக ஏற்பது என்று முடிவு செய்வது உங்கள் கல்வி நிறுவனமே. சான்றிதழை வாங்கிய பிறகு போய்க் கேட்பது தாமதமான கேள்வி.

பாடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பருவங்கள் இரண்டு: ஒன்று ஜனவரியிலும் மற்றொன்று ஜூலையிலும் தொடங்கும். பாடங்கள் 4, 8, 12 வாரக் கால அளவுகளில் உள்ளன. கிரெடிட் கணக்கில் இவை முறையே 1, 2, 3 என்று மதிப்பிடப்படுகின்றன. முதன்முறை சேர்கிறவர்கள் 4 வாரப் பாடத்தையோ 8 வாரப் பாடத்தையோ எடுத்துக்கொள்ளும்படி சொல்வேன். மேலும் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வதற்குக் கட்டணம் இல்லை என்பதால் கண்ணில் பட்ட நான்கைந்து பாடங்களில் பெயரைக் கொடுத்துவிடும் ஆசை எல்லாருக்கும் வருகிறது, எனக்கும் வந்தது. நான்கில் சேர்ந்து நான்கையும் கைவிட்டேன். அடுத்த பருவத்தில் ஒன்றை மட்டும் எடுத்தபோதுதான் தேர்வு மையம் வரை போக முடிந்தது.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அறிமுகப் பக்கம் உண்டு. பலர் அதில் உள்ள சிறு முன்னோட்டக் காணொளியை மட்டும் பார்த்துவிட்டுச் சேர்கிறார்கள். அதைவிட மூன்று செய்திகள் முக்கியமானவை. முதலாவது, யாருக்கான பாடம் என்பது: இளநிலையா, முதுநிலையா, ஆய்வு மாணவர்களுக்கானதா? இரண்டாவது, முன்னறிவாக என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பது. இயந்திரக் கற்றல் என்ற பெயரின் கவர்ச்சியில் சேர்ந்துவிட்டு, இரண்டாம் வாரத்தில் அணிகளும் நிகழ்தகவும் வரிசையாக வந்து நிற்கும்போது திகைத்துப்போகிறவர்கள் மிகப் பலர். அந்தக் கணிதம் வேண்டும் என்று அறிமுகப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். மூன்றாவது, வாரவாரிப் பாடத்திட்டம். அதை வாசித்து, முதல் இரண்டு வாரத் தலைப்புகளாவது ஓரளவு பழக்கமாகத் தோன்றுகின்றனவா என்று பாருங்கள். எதுவுமே புரியவில்லை என்றால் அதற்கு முந்தைய நிலைப் பாடம் ஒன்றைத் தேடுவதில் இழுக்கு ஏதும் இல்லை.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. பெரும்பாலான பாடங்கள் முந்தைய பருவங்களிலும் நடந்தவையாகவே இருக்கும். அவற்றின் விரிவுரைகள் யூடியூபில் கிடைக்கும். சேர்வதற்கு முன் ஐந்தாம் வாரத்து விரிவுரை ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் எல்லா ஆசிரியர்களிடமும் எளிதாகத்தான் இருக்கும். நடுவில் உள்ள பாடத்தைக் கேட்டால்தான் அவருடைய வேகம், உச்சரிப்பு, கரும்பலகையில் எழுதி விளக்குகிறாரா அல்லது படவில்லைகளை வாசிக்கிறாரா என்பதெல்லாம் தெரியவரும். நிரலாக்கம் கற்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்வதென்றால், சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் நிரல்மொழி வழித் தரவுக் கட்டமைப்புப் பாடம் நிதானமான விளக்கத்துக்கு நல்ல மாதிரி. ஆனால் எட்டு வாரப் பாடம்தானே என்று அதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. நிரல் எழுதி ஒப்படைக்க வேண்டிய வாரங்களில் அது நேரத்தைக் கேட்டு வாங்கிவிடும்.

கணக்குத் தொடங்கும்போது

ஸ்வயம் தளத்தில் மின்னஞ்சல் முகவரி கொண்டு கணக்குத் தொடங்கிப் பாடத்தில் சேரலாம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். எந்த மின்னஞ்சலில் பாடத்தில் சேர்கிறீர்களோ அதே மின்னஞ்சலில்தான் பின்னர் தேர்வுக்கும் பதிவு செய்ய வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் உங்கள் ஒப்படைப்பு மதிப்பெண்கள் தேர்வு மதிப்பெண்ணோடு சேராமல் போகும். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலைப் பயன்படுத்துகிறவர்கள், படிப்பு முடிந்து வெளியேறிய பின்னும் அது இயங்குமா என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று பெயர். நம்மிடையே தலைப்பெழுத்து முன்னால் வரும், சில ஆவணங்களில் பின்னால் வரும், வேறு சிலவற்றில் தந்தை பெயராகவே விரிந்து நிற்கும். சான்றிதழில் அச்சாவது நீங்கள் தேர்வுப் பதிவில் எழுதும் பெயரே. தேர்வு மையத்தில் சரிபார்ப்பது உங்கள் அடையாள அட்டையில் உள்ள பெயரை. எனவே ஆதார் அட்டையையோ, நீங்கள் எடுத்துச் செல்லப் போகும் வேறு அட்டையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். கிரெடிட் கோருகிற மாணவர்கள் கல்லூரிப் பெயர், பதிவு எண், துறை ஆகியவற்றையும் இதே கவனத்தோடு நிரப்ப வேண்டும். என்பிடெல் பல கல்லூரிகளில் உள்ளூர் மையம் என்ற அமைப்பை வைத்திருக்கிறது; உங்கள் கல்லூரியும் அவற்றுள் ஒன்று என்றால் அதன் பெயரைப் பட்டியலிலிருந்தே தெரிவு செய்யுங்கள்.

ஒரு வாரம் எப்படி நகர வேண்டும்?

பாடத்தை முடிப்பதும் விடுவதும் இந்தப் பகுதியில்தான் தீர்மானமாகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றில் வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரக் காணொளி இருக்கும். அது பெரும்பாலும் அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துத் தரப்பட்டிருக்கும். இரண்டரை மணி நேரம் என்று கேட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும் என்று தோன்றும். அந்தக் கணக்கு பொய்த்துவிடும். நிறுத்தி, குறிப்பெடுத்து, புரியாத இடத்தை மறுபடி கேட்டு, ஒப்படைப்பையும் செய்து முடிக்க ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. அதை நாளுக்கு ஒரு விரிவுரை என்று பிரித்துக்கொள்வது, ஒரே நாளில் ஐந்தையும் பார்ப்பதைவிடப் பன்மடங்கு பயன் தரும். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்வது நல்லது. இரவில் படிக்கலாம் என்று தள்ளிவைக்கும் பாடம் பெரும்பாலும் மறுநாளைக்கே போய்ச் சேரும்.

காணொளியைப் பார்ப்பது படிப்பது ஆகாது என்பதைப் புதியவர்கள் சற்றுத் தாமதமாகவே உணர்கிறார்கள். ஆசிரியர் ஒரு கணக்கைப் போடும்போது எல்லாம் தெளிவாகவே இருக்கும்; காணொளியை மூடிவிட்டு அதே கணக்கை வெற்றுத்தாளில் போட்டுப் பார்த்தால்தான் எந்த இடத்தில் கை நிற்கிறது என்பது தெரியும். ஆகவே பக்கத்தில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். ஆசிரியர் கேள்வியை எழுதியவுடன் காணொளியை நிறுத்தி, நீங்களாக முயன்று பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். நிரலாக்கப் பாடமென்றால் ஆசிரியரின் நிரலை நகலெடுத்து ஒட்டாமல், முழுவதையும் தட்டச்சு செய்து இயக்கிப் பாருங்கள். அரைப்புள்ளி ஒன்று விடுபட்டு, நிரல் ஓட மறுத்து, அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கும் படிப்பு விரிவுரையில் நடப்பதில்லை.

ஆங்கில விரிவுரையைப் பின்தொடர்வது பலருக்கு முதல் தடையாக இருக்கிறது. வேகத்தை முக்கால் அளவாகக் குறைத்துக் கேட்பதும், வசன வரிகளை இயக்கிவைத்துக்கொள்வதும் உடனடியாக உதவும். என்பிடெல் தன் பாடங்கள் பலவற்றின் உரை வடிவத்தைத் தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிட்டிருக்கிறது. விரிவுரையைக் கேட்பதற்கு முன்பு அதன் தமிழ் உரையை ஒருமுறை வாசித்துவிட்டால், பிறகு ஆங்கிலத்தில் கேட்கும்போது பொருள் முன்பே தெரிந்திருப்பதால் காது சொற்களைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் என்பிடெல் தேர்வுத்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருவதால், தமிழில் புரிந்துகொண்ட கலைச்சொற்களுக்கு நேரான ஆங்கிலச் சொற்களைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வருவது அவசியம்.

ஒப்படைப்பு

ஒவ்வொரு வாரப் பாடத்துடனும் ஓர் ஒப்படைப்பு திறக்கும். அதற்கு ஒரு கெடு இருக்கும். கெடு முடிந்தபின் ஒரு நிமிடம் தாமதமானாலும் தளம் ஏற்காது. அதேவேளை, கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் விடைகளைத் திருத்திச் சமர்ப்பிக்கலாம். கடைசியாகச் சமர்ப்பித்ததே கணக்கில் கொள்ளப்படும். இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வாரத்தின் தொடக்கத்திலேயே தெரிந்த விடைகளை மட்டும் குறித்துச் சமர்ப்பித்துவிட்டால், பிறகு மின்சாரம் போனாலும் இணையம் நின்றாலும் அந்த வாரம் முழுதும் பூச்சியமாகிவிடாது. பாடம் தொடங்குவதற்கு முன் வரும் பூச்சிய வார ஒப்படைப்பு பழகிப் பார்ப்பதற்காகத் தரப்படுவது. அதற்கு மதிப்பெண் இல்லை.

ஒன்றிரண்டு வாரம் தவறிவிட்டால் பாடமே போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளும், எட்டு வாரப் பாடத்தில் சிறந்த 6ம், நான்கு வாரப் பாடத்தில் சிறந்த 3ம் மட்டுமே சராசரிக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உடல்நலக் குறைவு, திருமணம், பொங்கல், கல்லூரித் தேர்வு ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. விடைகளைக் குழுக்களில் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் பரவியிருப்பது யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. ஒப்படைப்பின் பங்கு 25 மதிப்பெண்தான். மீதி 75 தேர்வு மையத்தில், கண்காணிப்பாளர் முன்னிலையில், தனியாக உட்கார்ந்து எடுக்க வேண்டியது. இரவல் விடைகள் அங்கே உதவிக்கு வரமாட்டா.

தேர்வுக்குப் பதிவு செய்தல்

பாடத்தில் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இவை இரண்டும் வேறு வேறு. தேர்வுப் பதிவு பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் திறக்கும். அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். அந்த மின்னஞ்சல் விளம்பரப் பெட்டிக்குள் ஒதுங்கிவிடாதபடி பார்த்துக்கொள்வதும், கடைசித் தேதியைச் சுவர் நாட்காட்டியில் எழுதிவைப்பதும் உங்கள் பொறுப்பு. கட்டணம் நீண்ட காலமாகப் பாடம் ஒன்றுக்கு 1000 ரூபாயாக இருந்துவந்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குச் சான்று காட்டினால் சலுகை உண்டு. உங்கள் பருவத்துக்குரிய தொகையைப் பதிவுப் பக்கத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பதிவின்போது தேர்வு நாள், வேளை, நகரம் ஆகியவற்றைத் தெரிவு செய்ய வேண்டும். தேர்வுகள் வார இறுதி நாள்களில் முற்பகல், பிற்பகல் என இரண்டு வேளைகளில் நடைபெறும். நேரம் மூன்று மணி. இரண்டு பாடங்கள் எடுத்திருப்பவர்கள் இரண்டும் ஒரே வேளையில் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மையம் நகரத்தின் மறுகோடியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியாக இருக்கக்கூடும் என்பதால், நுழைவுச்சீட்டு வந்தவுடன் முகவரியைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பேருந்து போகிறதா என்று விசாரித்துவைப்பது நல்லது. அச்சிட்ட நுழைவுச்சீட்டும் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

தேர்வுக்குத் தயாராகும்போது பன்னிரண்டு வார விரிவுரைகளையும் மறுபடி பார்க்க முனைவது வீண் முயற்சி. கெடு முடிந்தபின் வெளியிடப்படும் ஒப்படைப்பு விடைகளையும் தீர்வுகளையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் தரப்பட்ட விடைகளில் சரியானது தவிர மற்றவை ஏன் தவறு என்று உங்களுக்கு நீங்களே விளக்கிப் பாருங்கள். விளக்க முடியாத கேள்விக்குரிய விரிவுரையை மட்டும் திரும்பக் கேட்டால் போதும்.

மதிப்பெண் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிறந்த 8 ஒப்படைப்புகளில் உங்கள் சராசரி 80 என்றால், 25க்கு 20 கிடைக்கும். தேர்வில் நூற்றுக்கு 60 எடுத்தால் 75க்கு 45. மொத்தம் 65. 40 முதல் 59 வரை சாதாரணச் சான்றிதழ். 60 முதல் எழுபதுகளின் நடுப்பகுதி வரை எலைட். அதற்கு மேல் 89 வரை எலைட்டுடன் வெள்ளி. 90ம் அதற்கு மேலும் எலைட்டுடன் தங்கம். ஆனால் மொத்தம் மட்டும் போதாது: ஒப்படைப்பில் 25க்கு 10ம், தேர்வில் 75க்கு 30ம் தனித்தனியே எடுத்தாக வேண்டும். மேற்சொன்ன மாணவரே தேர்வில் நூற்றுக்கு 39 எடுத்திருந்தால் மொத்தம் 49க்கு மேல் வந்தும் சான்றிதழ் கிடைக்காது. தேர்வுப் பங்கு 29.25இல் நின்றுவிடும். நிரல் எழுதி ஒப்படைக்கும் பாடங்களில் இந்தப் பங்கீடு மாறுபடும்; அறிமுகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். என்பிடெல் அல்லாத ஸ்வயம் பாடங்களுக்குப் பொதுவாகத் தேசியத் தேர்வு முகமையே தேர்வு நடத்துகிறது. அவற்றுக்குக் கட்டணமும் பதிவு முறையும் வேறு.

சான்றிதழ் அஞ்சலில் வருவதில்லை. தளத்திலிருந்து தரவிறக்கிக்கொள்ள வேண்டும். அதில் உள்ள கியூஆர் குறியீட்டைக் கொண்டு வேலை தருபவர் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கலாம். கிரெடிட் கோருகிறவர்கள் அதைக் கல்லூரித் தேர்வுப் பிரிவில் காலத்தோடு ஒப்படைத்து, ஒப்புகையும் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

கோர்செரா, எட்எக்ஸ் போன்ற வெளிநாட்டுத் தளங்களுக்கும் மேலே சொன்ன படிப்பு முறை பொருந்தும். ஆனால் அங்கே பார்ப்பது இலவசமா, சான்றிதழுக்கு எவ்வளவு, மாதச் சந்தாவா என்பதை வங்கி அட்டை எண்ணைக் கொடுப்பதற்கு முன் படித்துப் பாருங்கள். இணையம் சரியாகக் கிடைக்காத ஊர்களில் இருப்பவர்கள் ஸ்வயம் பிரபா என்ற கல்வித் தொலைக்காட்சி அலைவரிசைகளைப் பயன்படுத்தலாம். 2017இல் 32 அலைவரிசைகளுடன் தொடங்கிய அவற்றைப் பார்க்கச் செயற்கைக்கோள் அலைவாங்கி மட்டும் இருந்தால் போதும். நகரத்துக்கு வரும்போது விரிவுரைகளைத் தரவிறக்கிக்கொண்டு போய் வீட்டில் பார்ப்பதும் நடைமுறையில் உள்ள வழிதான். தேர்வுப் பதிவைத் தவறவிட்டவர்களும் அந்தப் பருவத்தின் விரிவுரைகளைத் தொடர்ந்து பார்த்து முடித்துவிடலாம். அதே பாடம் மறுபடி நடத்தப்படும்போது புதிதாகச் சேர்ந்து, அந்தப் பருவத்து ஒப்படைப்புகளைச் செய்து தேர்வெழுதலாம். அப்போது வாரத்துக்கு ஆறு மணி நேரம் தேவைப்பட்ட பாடம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.